ஈர உப்பு விழுங்கும் அலை

நன்றாகக் காய்ந்த உப்புக் கட்டியின் வழியே ரேடியோ அலை ஏறக்குறையத் தடையில்லாமல் போய்விடும். 1962-இல் சோவியத் இயற்பியலாளர் குர்கன் அஸ்காரியன் ஒரு துணிச்சலான யோசனையை முன்வைத்தார். விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் மிகு ஆற்றல் துகள்களைப் பிடிக்கப் பனிப்பாறையையும், பூமிக்கடியில் படிந்து கிடக்கும் உப்புப் பாறையையும் பயன்படுத்தலாம் என்றார் அவர். துகள் மோதும்போது உள்ளே எழும் ரேடியோத் துடிப்பு உப்பைக் கடந்து நம்மிடம் வந்து சேரும் என்பது கணக்கு. பின்னாளில் அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள ஹாக்லி உப்புச் சுரங்கத்தில் இறங்கி, அலை எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று அளந்தும் பார்த்தார்கள்.

அதே உப்பு தண்ணீரில் கரைந்துவிட்டால் கதை தலைகீழ். கல்லாக இருக்கும்போது சோடியமும் குளோரினும் அயனிகளாக வரிசையில் பூட்டப்பட்டு, இடம் பெயர முடியாமல் நிற்கின்றன. கரைந்ததும் அவற்றுக்கு விடுதலை. அலை வந்து தொட்டவுடன் அதன் மின்புலத்துக்கு ஏற்ப அவை முன்னும் பின்னும் ஓடுகின்றன, தண்ணீர் மூலக்கூறுகளோடு மோதுகின்றன, அலையின் ஆற்றலை வெப்பமாக மாற்றித் தின்றுவிடுகின்றன.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பிரம்மதேசத்தைத் தாண்டிக் கிழக்கே போனால், இந்த இரண்டு நிலைகளும் அருகருகே கிடப்பதைக் காணலாம். பாத்தியில் கரைசல், வரப்பில் அம்பாரமாகக் குவித்த கல். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் உப்பளக் கரை மரக்காணம். கடல் தண்ணீர் மூன்று டிகிரி அடர்த்தியில் உள்ளே வருகிறது. வெயிலில் சுண்டிச் சுண்டி இருபத்தைந்து டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கிறது. வாரி, குவித்து, பனையோலையோ தார்ப்பாயோ போட்டு மூடி, மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுகிறார்கள்.

இந்த மூட்டைகளை எண்ண வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிடங்கில் எத்தனை இருக்கிறது, எந்த நாளில் வந்தது, எந்த லாரியில் எத்தனை போனது என்று கணக்கு வேண்டும். நோட்டில் எழுதலாம், பார்கோடு ஒட்டலாம். இப்போது மூன்றாவது வழியொன்றை விற்பனையாளர்கள் காட்டுகிறார்கள்: ரேடியோ அலையால் படிக்கப்படும் ஆர்.எஃப்.ஐ.டி. சீட்டு. கையால் தொடாமல், நேராகக் காட்டாமல், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களை எண்ணிவிடும் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் எந்தப் பொருளுக்கு, எந்தக் காற்றில், எந்த அதிர்வெண்ணில் என்று கேட்காமல் வாங்கினால் பணம் வீண். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க மரக்காணத்தைவிடக் கடினமான இடம் கிடைப்பது அரிது.

முதலில் இந்தச் சீட்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியத்தால் நெளிநெளியாக வரைந்த ஓர் ஆன்டெனா, நடுவில் கடுகைவிடச் சிறிய ஒரு சிப். பேட்டரி கிடையாது. அது தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை. எதிரே உள்ள ரீடர் கருவி அனுப்பும் அலையைப் பிடித்து, அதிலிருந்தே சிப்புக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. இன்றைய நல்ல சிப் விழித்தெழ ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. விழித்ததும் தன் ஆன்டெனாவின் தன்மையை மாற்றி மாற்றி, வந்த அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்புகிறது. தொலைவில் நிற்பவர் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் அசைத்து அசைத்துச் சேதி சொல்வது போல: ஒளி சூரியனுடையது, சேதி அவருடையது. அந்த மினுக்கலில்தான் எண் இருக்கிறது.

இந்தத் தத்துவம் பழையது. 1945 ஆகஸ்டில் சோவியத் சிறுவர்கள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஆவெரெல் ஹாரிமனுக்கு, மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசளித்தார்கள். அதற்குள் லியோன் தெரெமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பேட்டரி இல்லாததால் சோதனைகளில் சிக்கவில்லை. வெளியிலிருந்து அலையைப் பாய்ச்சினால் மட்டும் உயிர் பெற்று, அறையில் நடக்கும் பேச்சைத் திருப்பி அனுப்பும். 1952 வரை அது தூதரின் இல்லத்துச் சுவரிலேயே தொங்கியது. 1948-இல் ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர், திருப்பி அனுப்பப்படும் அலையைக் கொண்டு தகவல் தொடர்பு செய்வது பற்றி வெளிப்படையாகவே கட்டுரை எழுதினார். அது கடைச் சரக்காக இறங்கிவர அரை நூற்றாண்டு பிடித்தது. 1999-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் கெவின் ஆஷ்டன், டேவிட் பிராக், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சஞ்சய் சர்மா ஆகியோர் சேர்ந்து தொடங்கிய மையம் ஓர் எளிய முடிவை எடுத்தது. சீட்டுக்குள் பொருளின் வரலாறு எதுவும் வேண்டாம்; ஓர் எண் போதும்; மற்றதெல்லாம் கணினியில் இருக்கட்டும். சிப் சிறுத்தது, விலை இறங்கியது. இன்று அந்த எண் பெரும்பாலும் 96 பிட் நீளம். அதில் எத்தனை வெவ்வேறு எண்கள் அமையும் என்றால், 8 என்ற எண்ணைக் கோடியால் நான்கு முறை பெருக்கினால் வருவதற்கு மிக நெருக்கமான தொகை. உலகின் ஒவ்வொரு உப்பு மூட்டைக்கும் தனி எண் கொடுத்தாலும் தீராது.

இனி அலையும் உப்புத் தண்ணீரும். இதில்தான் தேர்வின் முக்கால் பங்கு இருக்கிறது.

பயன்பாட்டில் உள்ள அதிர்வெண்கள் பெரும்பாலும் மூன்று. 134 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அதிர்வெண். 13.56 மெகாஹெர்ட்ஸ் என்ற இடைநிலை. அடுத்தது, இந்தியாவில் 866 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அதிர்வெண், இதையே யு.எச்.எஃப். என்கிறார்கள். முதல் இரண்டும் காந்தப்புலத்தால் வேலை செய்பவை, மின்மாற்றியின் இரண்டு சுருள்களைப் போன்ற ஏற்பாடு. அருகில் இருந்தால்தான் பேசும். யு.எச்.எஃப். உண்மையாகவே அலையாகப் பயணம் செய்வது, நல்ல சூழலில் பத்து மீட்டர் வரை எட்டும். அதனால்தான் கிடங்குக்காரர்கள் அதையே கேட்கிறார்கள்.

கடல் தண்ணீருக்குள் இந்த மூன்றும் எவ்வளவு ஆழம் போகும்? அலையின் வலிமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் ஆழத்தைக் கணக்கிட்டால், 134 கிலோஹெர்ட்ஸுக்கு 60 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். 13.56 மெகாஹெர்ட்ஸுக்கு 6 சென்டிமீட்டர். 866 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர். இது சாதாரணக் கடல் தண்ணீருக்கு. இருபத்தைந்து டிகிரி கண்ட உப்பளக் கரைசலில் யு.எச்.எஃப். சில மில்லிமீட்டரிலேயே மூச்சை விட்டுவிடும். ஐந்து சென்டிமீட்டர் கடல் தண்ணீரைக் கடந்தால் அதன் திறன் பல ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பிறகு அந்த மிச்சம் அதே வழியே திரும்பி வர வேண்டும்.

அதிர்வெண் இறங்க இறங்க உப்புத் தண்ணீர் வழிவிடுகிறது என்பதை நம் மாநிலத்திலேயே பெரிய அளவில் பயன்படுத்துகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சேதி அனுப்புகிறது. அதற்கு அது எடுத்துக்கொள்வது மிகத் தாழ்ந்த அதிர்வெண். அதன் ஆன்டெனாக் கோபுரங்கள் வானளாவியவை. வானொலிப் பெட்டி பிடிக்கும் அலைகள் எல்லாம் கடலின் மேற்பரப்பிலேயே அடங்கிவிடும்.

மூட்டையில் இருப்பது கரைசல் இல்லையே, காய்ந்த உப்புதானே என்று கேட்கலாம். பகலில் சரி. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடற்கரையில் இரவு ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. அளத்து உப்பு தூயதாகவும் இருக்காது. உப்பு வாரிய பிறகு எஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் குளோரைடு நிறைய உண்டு. கற்களில் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். மக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர் விடத் தொடங்கும் பொருள். சமையலறையில் கல் உப்பு ஜாடி மழை நாளில் கசிந்து நிற்பதற்கும் இதுவே காரணம். ஆக, காலையில் அலைக்குத் திறந்த கதவாக இருந்த மூட்டை, மறுநாள் விடியலில் ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய கரைசல் போர்த்திக்கொண்டு, அலையை விழுங்கும் பொருளாகிவிடுகிறது. மூட்டை மாறவில்லை, சீட்டு மாறவில்லை. காற்று மாறியது.

இன்னொரு சிக்கலும் சேர்ந்து வருகிறது. சீட்டின் ஆன்டெனா தன்னைச் சுற்றிக் காற்று இருக்கும் என்று நம்பி அளவெடுக்கப்பட்டது. 866 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். அதற்கேற்பத்தான் நெளிவுகளின் நீளம். ஈரப் பொருளோடு ஒட்டினால் அந்த இசைவு நழுவிவிடும். தம்புராவின் தந்தி இறங்கியதும் சுருதி விலகுவது போல என்று சொல்லத் தோன்றினாலும், இங்கே நடப்பது அளந்து காட்டக்கூடிய நேரடி இயற்பியல்: பக்கத்துப் பொருளின் மின் இயல்பு ஆன்டெனாவின் ஒத்ததிர்வைத் தாழ்த்துகிறது. சீட்டுக்கும் மூட்டைக்கும் நடுவே ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் நிலைமை வியப்பூட்டும் அளவுக்குத் தேறும். அதனால் மூட்டையின் வயிற்றில் ஒட்டுவதைவிட, தைத்த வாயோரத்தில் கொடி போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தொங்கவிடுவது நல்லது. விலை உயர்ந்த சீட்டு வாங்குவதற்கு முன் இந்த மலிவான மாற்றத்தைச் செய்து பார்க்க வேண்டும்.

நம் வாழ்க்கையில் ஏற்கெனவே நுழைந்துவிட்ட சீட்டுகளைப் பார்த்தால், எந்த அதிர்வெண் எங்கே பொருந்தியது என்பது விளங்கும். நாய்க்கும் பூனைக்கும் தோலுக்கடியில் செலுத்தும் சிப் 134.2 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. உடல் என்பது உப்புத் தண்ணீர் நிறைந்த பொருள். அதைத் துளைக்கத் தாழ்ந்த அதிர்வெண்தான் தோதானது. கையடக்கக் கருவியை அருகே கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே குறையில்லை. நூலகங்கள் பெரும்பாலும் 13.56-ஐத் தேர்ந்தன. சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் 1998-இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் இதைச் சோதித்து, உலகப் பொது நூலகங்களில் முன்னோடியாயிற்று. 2010-இல் திறந்த நம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் ஆர்.எஃப்.ஐ.டி. முறையோடுதான் வந்தது. அடுத்த அலமாரிப் புத்தகம் தவறிப் படிக்கப்படக் கூடாது என்ற இடத்தில் குறுகிய எல்லை ஒரு வசதி.

பிரம்மதேசம் வழியாகப் போகும் லாரியின் முன்கண்ணாடியிலேயே யு.எச்.எஃப். சீட்டு இருக்கிறது. 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாகிவிட்ட ஃபாஸ்டேக் அதுதான். திண்டிவனத்திலிருந்து வடக்கே ஆத்தூர், தெற்கே விக்கிரவாண்டி எனச் சாவடியை நெருங்கும்போது மேலிருந்து வரும் அலை கண்ணாடியைக் கடந்து சீட்டை எழுப்புகிறது. கண்ணாடி காய்ந்த பொருள், அலைக்கு நண்பன். கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் மட்டும் தகராறு. கப்பலேறும் கன்டெய்னர்களைக் கண்காணிக்க 2016-இல் மும்பைக்கருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கிய ஏற்பாடு பின்னர் சென்னைப் பக்கத் துறைமுகங்களுக்கும் விரிந்தது. அதிலும் சீட்டு உண்டு. இரும்புப் பெட்டிக்கு நேரடியாக ஒட்டினால் சாதாரணச் சீட்டு ஊமையாகிவிடும் என்பதால், உலோகத்துக்கென்று தனியாக வடிவமைத்த தடித்த சீட்டு வேண்டும்.

யு.எச்.எஃப். முழு வெற்றி கண்டது துணியில். அமெரிக்காவின் வால்மார்ட், 2003-இல் தன் முதல் நூறு சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளுக்கும் பலகை அடுக்குகளுக்கும் சீட்டு ஒட்ட வேண்டும் என்று அறிவித்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. திரவம் நிறைந்த புட்டிகளும் உலோக டப்பாக்களும் அலையைக் கெடுத்தன, செலவும் கட்டுப்படியாகவில்லை, அந்த வேகம் தணிந்தது. பருத்தியோ அலைக்குக் காற்றைப் போல. வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தைக்கும் ஆடைகளின் விலைச் சீட்டுக்குள்ளேயே இன்று இந்தச் சிப் போகிறது. டெகாத்லான் போன்ற நிறுவனங்கள் தங்கள் சரக்கு முழுவதையும் இப்படியே எண்ணுகின்றன. ஒரே தொழில்நுட்பம், ஒரே வகைச் சீட்டு. பனியன் பெட்டியில் பாடுகிறது, உப்பு மூட்டையில் திக்குகிறது.

நூறு சீட்டுகள் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம் வராதா? வரும். அதைத் தீர்க்கும் முறை இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு, தீவுகளுக்கிடையே கணினிகளை ரேடியோவால் இணைக்க அலோஹா என்ற முறையை உருவாக்கியது. அதன் வழித்தோன்றல்தான் சீட்டுகளுக்குள் இருக்கிறது. ரீடர் ஓர் எல்லை எண்ணை அறிவிக்கிறது. ஒவ்வொரு சீட்டும் அதற்குள் ஏதோ ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொண்டு, தன் முறை வரும்வரை இறங்குமுகமாக எண்ணுகிறது. பூச்சியத்தைத் தொட்டது மட்டும் 16 பிட் நீளமுள்ள தற்செயல் எண் ஒன்றைச் சொல்கிறது. ரீடர் அதையே திருப்பிச் சொன்னால், பேசுவது என்னோடுதான் என்று தெரிந்துகொண்டு தன் உண்மையான எண்ணை ஒப்பிக்கிறது. இரண்டு சீட்டுகள் ஒரே கணத்தில் வாய் திறந்து மோதினால், அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். மோதல் அதிகமானால் ரீடர் எல்லையை விரிக்கிறது. வெறும் மௌனம் நீண்டால் சுருக்குகிறது. எண்ணி முடித்தவை சற்று நேரம் பேசாமல் ஒதுங்குகின்றன. பேட்டரிகூட இல்லாத தாள் துண்டுகள் நொடிக்கு நூற்றுக்கணக்கில் இப்படி முறை வைத்துப் பேசி முடிக்கின்றன.

ஆனால் இந்த ஒழுங்கில், எழாத சீட்டு இல்லாத சீட்டு. ஈர மூட்டைகளின் நடுவே சிக்கிய சீட்டுக்கு மின்சாரம் போதவில்லை என்றால் அது பிழை என்று அறிவிக்காது, மௌனமாக இருக்கும். திரையில் 100-க்குப் பதில் 93 என்று வரும், அந்த 93 மிக உறுதியான எண்ணைப் போலத் தோன்றும். எதிர்த் திசையிலும் தவறு நேரும். தகரக் கூரையிலும் லாரியின் உடலிலும் பட்டுத் தெறிக்கும் அலை, கதவைத் தாண்டாத பக்கத்து அடுக்கின் மூட்டைகளையும் எழுப்பி, ஏற்றாத சரக்கை ஏற்றியதாகக் கணக்கில் சேர்த்துவிடும். ரீடரின் சக்தியைக் கூட்டினால் முதல் குறை தீரும், இரண்டாம் குறை பெருகும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் சீட்டுக்குப் போய்ச் சேரும் திறன் கால் பங்காகும். திரும்பி வரும் மினுக்கலோ பதினாறில் ஒரு பங்கு. ஆகவே, சரக்கை ரீடரின் அருகே கொண்டுவருவதுதான் எப்போதும் சிறந்த மருந்து.

சுமை ஏற்றுவோருக்கு மூட்டைக் கணக்கில் கூலி தரும் இடங்களில் இது வெறும் பொறியியல் குறை அல்ல. விடியற்காலையில் ஈர மூட்டை தூக்கியவரின் தலையில் அந்த ஏழு மூட்டைகள் விழும். கருவி காட்டும் எண்ணையே கூலிக்கு ஆதாரமாக்கும் எவரும், கையால் எண்ணிச் சரிபார்க்கும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுத்திலேயே தர வேண்டும்.

நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறுவதையும் வாங்குபவர் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தப் பயன்பாட்டுக்கு 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் உரிமம் தேவைப்படாத பட்டை 865-இல் தொடங்குகிறது. அமெரிக்காவுக்கென்று செய்த ரீடரை மலிவாகக் கிடைக்கிறதென்று இறக்கினால், நம் நாட்டுச் சட்டத்தை மீறுவதோடு கைப்பேசிக் கோபுரங்களின் அலைவரிசையோடும் மோத நேரும். இரு பட்டைகளுக்கும் பொருந்தும்படி அகலமாக இசைத்த சீட்டுகள் கிடைக்கின்றன. வாங்கும்போது 865 பக்கம் அதன் திறன் என்ன என்று கேட்டு, வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உப்புக்கு எது என்று கேட்டால் என் தீர்ப்பு இது. ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டு வேண்டாம். உப்பு விலை மலிந்த சரக்கு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் மூட்டையில் சில ரூபாய்ச் சீட்டை ஒட்டுவது கட்டுப்படியாகாது. மூட்டைக்கு அச்சிட்ட பார்கோடோ கியூ.ஆர். குறியோ போதும், ஈரம் பட்டாலும் கண்ணுக்குத் தெரியும்வரை அது படிக்கப்படும். சீட்டு வேண்டியது திரும்பத் திரும்ப வருவனவற்றுக்கு: மூட்டை அடுக்கும் பலகைகள், தள்ளுவண்டிகள், லாரிகள், எடைமேடை. பலகைக்கு ஒன்று என்றால், கெட்டியான உறைபோட்ட சீட்டை மூட்டையிலிருந்து விலகிய ஓரத்தில் பொருத்தலாம், பல ஆண்டுகள் உழைக்கும். உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்கும் என்பதால் உறையில்லாத காகிதச் சீட்டை அளத்துப் பக்கம் நம்பக் கூடாது. அயோடின் சேர்த்துப் பொட்டலம் கட்டி, பெட்டியில் அடுக்கி, ஈரம் புகாத உறையோடு வெளியூர் போகும் உப்புக்கு மட்டும் பெட்டிக்கு ஒரு யு.எச்.எஃப். சீட்டு என்பது நியாயமான செலவு. அங்கே உப்பு மீண்டும் அலை கடந்து போகும் காய்ந்த உப்பாகிவிடுகிறது.

ஆகவே கிடங்கு வைத்திருக்கும் வியாபாரிகளுக்கும், உப்பளக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், சேமிப்புக் கிடங்கு நடத்தும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். குளிரூட்டிய அறையில், மேசை மேல் நாலு அட்டைப் பெட்டி வைத்துக் காட்டப்படும் செயல்விளக்கத்தைப் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். மூன்று வகைச் சீட்டுகளில் மாதிரி கேளுங்கள். ஐப்பசியில் மழை பிடித்த பிறகு, விடியற்காலையில், உங்கள் சொந்த அடுக்கின் நடுவில் அவற்றைச் செருகி, உங்கள் ஆளே கையால் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சீட்டு குறைந்தாலும் ஏன் குறைந்தது என்று விற்பவர் விளக்கிய பிறகே பணம் கொடுங்கள்.